பிக்கப் ஹிட்ச்சில் மான் தூக்கும் ஹாய்ஸ்ட்: நாமே வெல்டு அடிக்கலாமா?

பியர்சால்காரன்:
டெக்ஸாஸ்ல, சான் அன்டோனியோவுக்குத் தென்மேற்கே, பியர்சால் பக்கம் வேட்டை லீஸ் எடுத்திருக்கோம். அந்தப் பக்கம் முழுக்க மெஸ்கீட் மரம்தான், நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி. மானைத் தலைகீழா மாட்டுற உயரத்துக்கும் கனத்துக்கும் ஒரு கிளை கிடையாது. அதனால பிக்கப்போட ஹிட்ச்ல, அதான் பின்னாடி டிரெய்லர் மாட்டுற இடத்துல, சொருகுற மாதிரி ஒரு ஹாய்ஸ்ட் செய்யப்போறேன். 2⅜ அங்குல பழைய எண்ணெய்க்கிணத்து பைப் கம்பம், அதுமேல சுத்துற ஸ்லீவ், 2 அங்குல சதுர டியூப்ல 4 அடிக் கை, நுனியில கப்பி, கம்பத்துல கையால சுத்தி வயரை இழுக்குற விஞ்ச், 3/16 அங்குல இரும்பு வயர். கடையில விக்கிறதெல்லாம் மெல்லிசு டியூப், பார்த்தாலே மனசு ஒப்பலை. வெல்டிங் மெஷின் வீட்டுலயே இருக்கு. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?

கத்திமட்டும்:
எனக்கு இருக்கு. ஹாய்ஸ்ட்டே வேண்டாம் என்கிறேன். மான் விழுந்த இடத்திலேயே ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பு நெடுக ஒரு கீறல் போட்டுத் தோலை வயிறு வரை மடக்கிவிடுங்கள். முன்சப்பை, முதுகுக்கறி, பின்தொடை எல்லாம் குடலைத் தொடாமலே வந்துவிடும். புரட்டிப்போட்டு மறுபக்கம். உள்சதையைக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கலாம். நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் திறக்கும்போது அங்கே 80 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாள்கள் உண்டு. கறி 40-க்குக் கீழே எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் முக்கியம். முழு மானை வண்டியில் ஏற்றி, கேம்புக்கு ஓட்டி, கம்பம் நட்டு, விஞ்ச் சுற்றி முடிப்பதற்குள் என் கறி ஐஸில் இருக்கும். லைசென்ஸோடு வரும் டேக்கும் தலையும் கறியோடு இருக்கட்டும்.

பியர்சால்காரன்:
அண்ணே, உங்க முறை கொலராடோ மலையில எல்க்ங்கிற பெரிய மானை அடிச்சவனுக்குச் சரி. அங்க வண்டி போகாது. எங்க லீஸ்ல மணலும் சப்பாத்திக்கள்ளியும் ஒட்டுமுள்ளும்தான் தரை. ஒருக்களிச்சுப் போட்டு உரிச்சா கறியில மணல், அதைக் கழுவுனா ஈரம், ஈரம் பட்டா கெட்டுப்போற வேகம் கூடும். நம்மூர்க் கறிக்கடையில ஆட்டை ஏன் கொக்கியில மாட்டி உரிக்கிறாங்க? அதே காரணம்தான். காத்து நாலு பக்கமும் படுது, சூடு இறங்குது. காட்டுப்பன்னியை விட்டுட்டீங்களே. மான் தோல் கையால இழுத்தாலே வரும். பன்னித்தோல் கொழுப்போட ஒட்டி நிக்கும், அங்குலம் அங்குலமா கத்தி போடணும். அதைக் குனிஞ்சு உட்கார்ந்து செய்ய என் இடுப்பு ஒத்துழைக்காது.

லானோ_அக்கா:
தம்பி சொல்வது நியாயம். பன்றி என்றால் கையுறை கட்டாயம் போடுங்கள், புரூசெல்லா கிருமி கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும். இடுப்பு உயரத்தில் தொங்கினால் நிதானமாக, முகத்தில் ரத்தம் தெறிக்காமல் வேலை செய்யலாம். எங்கள் ஹில் கன்ட்ரியில் ஓக் மரம் இருக்கிறது, மானும் சின்னது, குடல் எடுத்தபின் 100 பவுண்டை ஒட்டித்தான் நிற்கும். கயிறும் கப்பியும் போதும். உங்கள் ஊரில் மரமில்லை, அதற்குத்தான் வண்டி.

ஒடெஸா_வெல்டர்:
இரும்பைப் பத்தி நான் பேசுறேன். 4 அடிக் கைக்கு 2 அங்குல டியூப் ¼ அங்குலத் தடிப்புல போடு, ⅛ வேண்டாம். 300 பவுண்டு பன்னி 4 அடியில தொங்குனா, ⅛ டியூப்ல அடிமூட்டுல சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30,000 பவுண்டு தகைவு வரும். அந்த டியூப் 46,000-ல வளைய ஆரம்பிக்கும். அசையாம தொங்குனா நிக்கும், ஆனா பன்னி அசையாம எங்க தொங்குது? வயர் வழுக்கி ஒரு சாண் விழுந்து நின்னாலே அந்த மிச்சம் காணாமப்போயிடும். ¼-ல தகைவு 20,000-க்குக் கீழ. வித்தியாசம் சில டாலர்தான். கால்வனைஸ் வேலி பைப் எடுக்காதே, துத்தநாகப் புகை காய்ச்சல்ல படுக்கவைக்கும்.

ஹூஸ்டன்_மெக்கானிக்கல்:
டியூப் கணக்கு சரி. எல்லாரும் டியூப்பையே பார்க்கிறீர்கள், ஹிட்ச்சை யாரும் பார்க்கவில்லை. கிளாஸ் 3 ஹிட்ச்சில் பெரும்பாலும் 500 பவுண்டு டங் வெயிட், அதாவது டிரெய்லரின் முனை கீழ்நோக்கி அழுத்தும் பாரம், என்று ஒட்டியிருக்கும். அது டிரெய்லர் பந்து இருக்கும் இடத்துக்கு. பந்து, பின் குத்தும் துளையிலிருந்து ஒரு அடிக்குள்தான். இவர் கம்பம் டெயில்கேட்டைத் தாண்டி நிற்க 2 அடி வெளியே வரும், அதிலிருந்து கை 4 அடி. மொத்தம் 6 அடி. 150 பவுண்டு மான் அங்கே தொங்கினால் 900 அடி-பவுண்டு. அந்த ஹிட்ச்சின் 500 பவுண்டு, ஒரு அடியில் 500 அடி-பவுண்டுதான். கையைப் பக்கவாட்டில் திருப்பினால் அது வளைவு மட்டுமில்லை, முறுக்கு. ஹிட்ச்சில் நாம் சொருகும் சதுரக் குழாயான ரிசீவரின் வெல்டு அதற்காகப் போடப்பட்டதில்லை. என் கருத்து: கடையில் விற்பதை வாங்குங்கள், அதில் தரையில் ஊன்றும் கால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒடெஸா_வெல்டர்:
சார், அந்த 500 ரோட்டுல ஓடுற டிரெய்லருக்கு. குழியில விழுந்து எழும்போது நொடிக்கு நொடி அதுக்கு மேல ஏறி இறங்குற பாரத்தையும் சேர்த்துத் தாங்கத்தான் அந்த எண் போட்டிருக்கான். நின்ன வண்டியில மெதுவாத் தொங்குற மானுக்கு அதை அப்படியே ஒப்பிடக்கூடாது. இந்தப் பக்கம் எத்தனையோ பிக்கப்ல பார்க்கிறேன், ஹிட்ச் கிழிஞ்சதாப் பார்த்ததில்லை.

ஹூஸ்டன்_மெக்கானிக்கல்:
"பார்த்ததில்லை" என்பது, பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் இரும்புக்கு வரும் களைப்பைக் கணக்கில் எடுக்காத வாதம். வெல்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் தொடங்கும். இன்னொன்றையும் கேளுங்கள். கழுத்துத் தோலுக்கு அடியில் கோல்ஃப் பந்து வைத்து முடிந்து, இன்னொரு வண்டியால் தோலை இழுத்து உரிக்கும் பழக்கம் டெக்ஸாஸில் சாதாரணம். மான் இந்தக் கையில் தொங்கும்போது அப்படி இழுத்தால் 150 பவுண்டு கணக்கெல்லாம் போய்விடும். இழுக்கிற வண்டி எவ்வளவு பலம் போடுகிறது என்று யார் அளந்தார்கள்?

பியர்சால்காரன்:
இதை ஒத்துக்கிறேன். தோலை வண்டியால இழுக்க மாட்டேன், கையாலதான். கால் ஊன்றுறதும் நல்ல யோசனை: கம்பத்துக்கு அடியில டெலஸ்கோப் கால், பின் போட்டு உயரம் மாத்துற மாதிரி, மணல்ல புதையாம அடியில அகலமான தகடு. ஆனா வாங்குறதுங்கிறதுக்கு மட்டும் என் பதில் இல்லை. 300 பவுண்டு, 500 பவுண்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களே, அது எந்த நீளத்துக்குன்னு எழுதியிருக்கிறதை நான் பார்க்கலை.

கத்திமட்டும்:
இரும்பும் விரிசலும் காலும் தகடும் என்று இவ்வளவு பேசவேண்டிய கருவியின் அடியில் தலையைக் கொடுத்து வேலை செய்கிறோம் என்பதை யோசியுங்கள். நெஞ்சுக்கூட்டை அறுக்கும்போது நாம் நிற்பது எங்கே? நேர் கீழே. மணலுக்குத் தார்ப்பாய் போதும்.

லானோ_அக்கா:
தார்ப்பாயில் பன்றியை உரித்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டே போகும். உங்கள் பயத்துக்கான மருந்து விஞ்ச்சில் இருக்கிறது. படகு டிரெய்லரில் வரும் ராட்செட் விஞ்ச் இழுக்கத்தான், தூக்க அல்ல. பல்லை விடுவித்த நிமிடம் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். பிரேக் உள்ள விஞ்ச் என்றால் கையை எடுத்தாலும் பாரம் அங்கேயே நிற்கும். ஏடிவி என்ற நாலு சக்கரக் காட்டு வண்டியின் எலக்ட்ரிக் விஞ்ச்சையும் மாட்டாதீர்கள், தூக்குவதற்கு இல்லை என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கும். பின்னங்காலில் குதிநரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கொக்கிக்கட்டை போட்டபின், கம்பத்திலிருந்து ஒரு சங்கிலியையும் கட்டையில் மாட்டிவிடுங்கள். வயர் போனாலும் சங்கிலி பிடிக்கும்.

ஹூஸ்டன்_மெக்கானிக்கல்:
சங்கிலி யோசனைக்கு நன்றி அக்கா, எனக்கு வேண்டியது அதுதான். அப்படிச் செய்தால் வீட்டு வேலைக்கு என் எதிர்ப்பு பாதி குறைகிறது. வயரைப் பற்றி: 3/16 அங்குல 7×19 வயர், அதாவது 19 இழை கொண்ட புரிகள் ஏழு முறுக்கியது, 4,200 பவுண்டில் அறும், ஐந்தில் ஒரு பங்கு வைத்தால் 840 வரை தூக்கலாம், மானுக்கும் பன்றிக்கும் தாராளம். ஆனால் நுனியில் யூ-கிளாம்ப்பைத் தலைகீழாகப் போட்டால் அந்த பலம் கிடைக்காது. கிளாம்ப்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் வயர் மேலும், யூ வளைவு வெட்டிவிட்ட முனை மேலும் உட்கார வேண்டும். டிரம்மில் எப்போதும் சில சுற்று மிச்சம் வையுங்கள்.

பியர்சால்காரன்:
சரி, முடிவு: ¼ அங்குல டியூப், ஊன்று கால், பிரேக் விஞ்ச், பாதுகாப்புச் சங்கிலி. கை 4 அடி வேண்டாம், 3 அடி போதும். கத்திமட்டும் அண்ணே, உங்களை மாத்த முடியாதுன்னு தெரியும், டிசம்பர்ல லீஸுக்கு வாங்க, ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். ஒடெஸா அண்ணே, விஞ்ச் தகட்டை கம்பத்துல வெல்டு வெக்கட்டா, போல்ட் போடட்டா?

ஒடெஸா_வெல்டர்:
தகட்டை வெல்டு வை. விஞ்ச்சை அதுமேல கிரேடு 8 போல்ட்ல மாட்டு, தானா கழலாத நைலாக் நட்டோட. இதுல முதல்ல தேயப்போறது விஞ்ச்தான், கழட்டி மாத்த வழி வெச்சுக்கோ.

கத்திமட்டும்:
டிசம்பருக்கு வருகிறேன். கத்தி நான் கொண்டுவருகிறேன், ஐஸ் உங்கள் பொறுப்பு.