பாங்குனா செம்புச் சுரங்கம்: பழி யார் தலையில்?

கணக்குப்பிள்ளை:
பப்புவா நியூ கினியைச் சேர்ந்த பூகன்வில் தீவின் பாங்குனா சுரங்கம் என்றாலே "வெளிநாட்டுக் கம்பெனி கொள்ளையடித்தது, மக்கள் பொங்கி எழுந்தார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1972 முதல் 1989 வரை அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து சுமார் 30 லட்சம் டன் செம்பும் 300 டன்னுக்கு மேல் தங்கமும் வெளியே போயின. கிடைத்த பணத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் பப்புவா நியூ கினி அரசுக்குத்தான் வரியாகவும் லாபப் பங்காகவும் போய்ச் சேர்ந்தது. சுரங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு உரிமையும் அந்த அரசிடம் இருந்தது. நாட்டின் மொத்த ஏற்றுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவு அந்த ஒரே குழியிலிருந்து வந்தது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் உட்கார்ந்துகொண்டு காசை எண்ணி வாங்கியவர்கள் அதைத் தீவுக்குத் திருப்பித் தரவில்லை. மக்களின் கோபம் சுரங்கத்தின் மேல் பாய்ந்ததற்குக் காரணம், அதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆழி:
கணக்கு சரிதான். உங்கள் கணக்கில் வராத ஒன்றுக்காகத்தான் அங்கே சண்டையே நடந்தது. 1964இல் சிஆர்ஏ என்ற நிறுவனம் (ரியோ டின்டோ குடும்பத்தைச் சேர்ந்தது) அங்கே தாது தேடி வந்தபோது தீவு ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்தது. மேல்மண் உனக்கு, அடியில் கிடப்பது அரசுக்கு என்றது சட்டம். யாரிடமும் சம்மதம் கேட்கத் தேவையே இல்லை. நாம் பழகிப்போய்விட்டோம், ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது விசித்திரமான சட்டம்தான்.

அந்தப் பகுதியில் நிலம் தாய்வழியாக இறங்குவது. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1969 ஆகஸ்டில் துறைமுகத்துக்காக ரொரொவானா மக்களின் கடலோர நிலத்தை எடுக்க வந்தார்கள். நில அளவை முளையைப் பிடுங்கியவர்கள் பெண்கள். போலீஸ் தடியடி நடத்தியது, கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. அந்தப் படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வந்து அங்கேயே பெரிய சர்ச்சை ஆனது. சுரங்கத்திலிருந்து ஒரு டன் செம்புகூட அப்போது வெளியே போகவில்லை, கவனியுங்கள். பணத்தைப் பங்கு பிரிப்பதில்தான் தகராறு என்றால், பிரிக்கப் பணமே இல்லாத காலத்தில் அந்தப் பெண்கள் எதற்காக அடி வாங்கினார்கள்?

கணக்குப்பிள்ளை:
அதையும் கம்பெனி தலையில் கட்ட முடியாது. அடித்தது காலனி அரசின் போலீஸ்.

ஆழி:
யாருக்கு நிலம் எடுக்க அடித்தார்கள்?

வரலாற்றுக்கிறுக்கன்:
இருவரும் 1964இலிருந்தே தொடங்குகிறீர்கள், அதுதான் பிரச்சினை. பூகன்வில் எல்லா வகையிலும் சாலமன் தீவுக்கூட்டத்தின் பகுதி. 1899இல் ஜெர்மனியும் பிரிட்டனும் தீவுகளைப் பங்கு போட்டபோது பூகன்விலும் பக்கத்துத் தீவான பூக்காவும் ஜெர்மனியின் கையில் நின்றன, மற்றவை பிரிட்டனுக்குப் போயின. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்டது. பப்புவா நியூ கினி 1975 செப்டம்பர் 16இல் விடுதலை பெற்றது. அதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே, செப்டம்பர் 1இல், பூகன்வில் தலைவர்கள் தனி நாடு அறிவித்துவிட்டார்கள். சுரங்கமே இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவினை உணர்வு இருந்திருக்கும்.

ஆழி:
உணர்வு இருந்திருக்கும், சரி. போர்? 1975இல் அறிவித்த தனி நாட்டை 1976இல் பேசியே முடித்தார்கள். மாகாண அரசு கிடைத்தது, ராயல்டியும் (விற்ற மதிப்பில் கம்பெனி கட்டும் பங்கு) அதற்கு வந்தது, பன்னிரண்டு வருடம் ஓடியது. பிரிவினை உணர்வைப் பேச்சில் தீர்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. போர் தொடங்கியது சுரங்கத்தில்தான். 1988 நவம்பர் கடைசியில் அதற்குக் கரண்ட் கொண்டுவந்த மின்கோபுரங்களைத் தகர்த்த வெடிமருந்து சுரங்கத்தின் கிடங்கிலிருந்தே திருடியது. தலைமை தாங்கிய பிரான்சிஸ் ஓனா அந்தக் கம்பெனியிலேயே நில அளவையாளராகவும் லாரி ஓட்டுநராகவும் வேலை பார்த்தவர். 1899ஐ நினைத்தா அவர் கோபுரத்துக்கு வெடி வைத்தார்?

வழிப்போக்கன்:
சுரங்கத்தின் சம்பளத்தை வாங்கி, சுரங்கத்தின் வெடியை எடுத்து, சுரங்கத்தின் கரண்டை நிறுத்தியிருக்கிறார். வெளி உதவியே தேவைப்படவில்லை போலிருக்கிறது. சும்மா சொன்னேன், நீங்கள் தொடருங்கள்.

செம்புலம்:
சுரங்கத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இங்கே எல்லோரும் பணத்தைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள், தாதுவைப் பற்றி யாருமே பேசவில்லை. பாங்குனா தாதுவில் செம்பு அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதாவது 200 டன் பாறையை உடைத்து மாவாக்கினால் ஒரு டன் செம்பு. மீதி 199 டன்னும் கழிவுச் சேறு. இந்த மாதிரி மட்டமான தாதுவில் லாபம் பார்க்க ஒரே வழி, பிரம்மாண்டமாகத் தோண்டுவது. அங்கே கூடவே தங்கமும் இருந்ததால் கட்டுப்படியானது. சரி, சேறு எங்கே போகும்? வறண்ட, நிலநடுக்கம் இல்லாத இடமாக இருந்தால் அணை கட்டித் தேக்கலாம். பூகன்வில் எரிமலைத் தீவு, செங்குத்தான மலை, கொட்டித் தீர்க்கும் மழை. அங்கே அணை நிற்குமா என்பது பொறியாளர்களுக்கே உண்மையான தலைவலி. கடைசியில் எளிய வழியைத் தேர்ந்தெடுத்தார்கள், கவெராங் ஆற்றில் விட்டுவிட்டார்கள். அது ஜபா ஆற்றில் கலந்து மேற்குக் கரையில் கடலுக்குப் போனது.

ஆழி:
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்துதான் போட்டிருக்கிறார்கள், நூறு கோடி டன்னுக்கு மேல்! ஆற்றுப் படுகை மேடாகி, தண்ணீர் கரை தாண்டித் தோட்டங்களுக்குள் போனது. மீன் போனது, குடிதண்ணீர் போனது, ஊர்களைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆற்றைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை, அது அநியாயம்தான். ஆனால் "மக்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை" என்பதும் பொய். ராயல்டி இருந்தது, நில வாடகை இருந்தது, நஷ்ட ஈடு இருந்தது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் தொழிற்பயிற்சியும் கிடைத்தன.

ஆழி:
ராயல்டியைப் பார்த்துவிடலாம், உங்களுக்குப் பிடித்த கணக்கிலேயே. விற்ற மதிப்பில் 1.25 சதவீதம் ராயல்டி. அந்த ராயல்டியில் 5 சதவீதம் நிலவுரிமையாளர்களுக்கு. அதைக்கூடச் சும்மா தரவில்லை, பால் லாபுன் என்ற பூகன்வில் உறுப்பினர் 1966இல் சட்டமன்றத்தில் போராடி வாங்கித் தந்தது. ஆயிரம் கினாவுக்குச் செம்பு விற்றால் நிலத்துக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 62 தொயா. கினா அந்த நாட்டு நாணயம், நூறு தொயா ஒரு கினா.

கணக்குப்பிள்ளை:
வாடகை, நஷ்ட ஈடு எல்லாம் சேர்த்தால் அது ஒரு சதவீதத்தைத் தாண்டும். பாதியை மறைத்துக் கணக்கு சொல்லாதீர்கள்.

ஆழி:
சரி, ஒரு சதவீதத்துக்கு மேல், இரண்டுக்குக் கீழ். உங்கள் 60க்குப் பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள். அந்தச் சிறு தொகையும் பழைய நிலவுரிமையாளர் சங்கத்தின் பெரியவர்கள் கையில் சுருங்கிவிட்டது என்ற மனக்கசப்பில்தான் 1987இல் ஓனாவும் அவருடைய உறவுப் பெண் பெர்பெச்சுவா செரேரோவும் புதிய சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் நஷ்ட ஈடாகக் கேட்ட 1,000 கோடி கினாவைப் பலர் கேலி செய்தார்கள். தருவார்கள் என்று நம்பி வைத்த தொகையாக எனக்கு அது படவில்லை. இழந்ததற்கு விலையே இல்லை என்பதைக் கம்பெனிக்குப் புரியும் பாஷையில் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். 1989 மே 15இல் சுரங்கம் நின்றது, அன்றோடு சண்டையும் நின்றிருக்க வேண்டும் இல்லையா? நிற்கவில்லை. ஆஸ்திரேலியா கொடுத்த ஹெலிகாப்டர்களை அரசுப் படை தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. 1990இல் படையை விலக்கிக்கொண்டு தீவைச் சுற்றித் தடை போட்டது. மருந்துகூடப் போகவில்லை. தடை என்றால் என்ன என்று இங்கே சிலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1997இல் பிரதமர் ஜூலியஸ் சான் சாண்ட்லைன் என்ற கூலிப்படையையே வரவழைத்தார், அதை அவருடைய சொந்த ராணுவத் தளபதி சிங்கிராக் பிடித்துத் திருப்பி அனுப்பினார். 15,000 முதல் 20,000 பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள். மூடிக் கிடந்த சுரங்கமா இவர்களைக் கொன்றது? அரசும் ஆயுதக் குழுக்களும்தானே? பூகன்வில்காரர்களே ஒருவரையொருவர் கொன்றதும் இதில் அடக்கம்.

ஆழி:
ஒரு குழியை மீட்க ஒரு அரசு கூலிப்படை வரை போயிருக்கிறது. நான் சொல்ல வந்ததும் இதைத்தான், நன்றி.

வரலாற்றுக்கிறுக்கன்:
தடைக் காலத்தில் தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினார்கள் என்பதையும் யாராவது சொல்லுங்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி அது.

செம்புலம்:
இப்போது என்ன நிலைமை என்பதையும் பேசலாமே. 1998இல் போர்நிறுத்தம், 2001இல் அமைதி ஒப்பந்தம். 2016இல் ரியோ டின்டோ தன் பங்குகளைப் பூகன்வில் தன்னாட்சி அரசுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியது. 2019 வாக்கெடுப்பில் 97 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஆதரவு. இப்போதைய தலைவர் இஷ்மாயில் டொரோவாமா முன்னாள் போராளித் தளபதி, 2027 செப்டம்பர் 1ஐ விடுதலை நாளாகக் குறித்திருக்கிறார்கள். தரைக்கடியில் இன்னும் 50 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு இருப்பதாகக் கம்பெனியின் மதிப்பீடு. புதிய நாட்டை நடத்த வேறு வருமானம் எங்கிருந்து வரும்?

ஆழி:
இலவசமாகக் கொடுத்ததா! வீட்டைப் பாழாக்கிவிட்டுச் சாவியைக் கையில் திணிப்பதற்குப் பெயர் தானமா? ஜபா கரையோர மக்கள் விடாமல் புகார் கொடுத்த பிறகுதான் 2021இல் பாதிப்பை ஆய்வு செய்யவே அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. முதல் கட்ட அறிக்கை 2024 டிசம்பரில் வந்தது. ஆற்றைச் சீர்செய்ய யார் பணம் போடுவது என்பதை முதலில் எழுதி வாங்க வேண்டும், திறப்பதெல்லாம் அப்புறம்.

கணக்குப்பிள்ளை:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், சாவி உதாரணம் சரி. என் முதல் பதிவில் ஒரு பகுதியையும் திரும்பப் பெறுகிறேன். 1969 சம்பவத்தை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றை விட மாட்டேன். 1974இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று எழுதினார்கள். 1981இல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. மத்திய அரசுக்கும் மாகாண அரசுக்கும் தங்களுக்குள் ஒத்துவரவில்லை. அந்த ஒரு பழியையாவது கம்பெனி தலையில் கட்டாதீர்கள்.

ஆழி:
அதைக் கட்டவில்லை. மீதி எல்லாம் அப்படியே இருக்கட்டும்.