ஹெர்மிட் ஓடைக்கு இறங்குவது: தண்ணீர் எவ்வளவு, முட்டி தாங்குமா?

வழிப்போக்கன்:
அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், தெற்கு விளிம்பிலிருந்து ஹெர்மிட் பாதையில் ஹெர்மிட் ஓடைக்கு நாலு பேர் இறங்குகிறோம். அக்டோபர் கடைசி வாரம், கீழே இரண்டு இரவு, பெர்மிட் கையில் இருக்கிறது. ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தூக்கணும்? இறக்கத்தில் முட்டி போகாமல் இருக்க என்ன வழி? திரும்பும்போது அதே பாதையா, பள்ளத்தாக்கின் நடு மட்டத்தில் போகும் டோன்டோ பாதையில் கிழக்கே நடந்து பிரைட் ஏஞ்சல் பாதை வழியாக ஏறுவது சுலபமா?

செம்பாறை:
முதலில் கணக்கு. பாதை தொடங்கும் இடம் சுமார் 2,020 மீட்டர் உயரம். முகாம் 13 கி.மீ. தள்ளி, ஏறக்குறைய 1,140 மீட்டர் கீழே. இறங்க ஆறேழு மணி நேரம் வையுங்கள், ஏற ஒன்பது பத்து. அந்த வாரத்தில் ஐந்தரை வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். காலை எட்டு மணிக்குள் இறங்க ஆரம்பித்துவிடணும்.

மேல் பகுதியில் கல் பாவிய பாதை தெரியும். 1910களில் சான்டா ஃபே ரயில் கம்பெனி பயணிகளைக் கோவேறு கழுதையில் இறக்கப் போட்டது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பாளங்கள் மேல் மணல் படர்ந்திருந்தால் கோலியுருண்டை மேல் நடப்பது போல வழுக்கும். சான்டா மரியா ஊற்றைத் தாண்டினால் வேறு தலைவலி: சரிந்து விழுந்த பாறைகள் பாதையை மூடியிருக்கும். தடம் காணோம் என்றால் சரிவில் கீழே இறங்கித் தேடாதீர்கள். அந்தப் பகுதியில் பாதை பெரிதாக இறங்காமல் பக்கவாட்டில்தான் போகும். அதே மட்டத்தில் எதிர்ப்பக்கம் பாருங்கள், கல்மேல் கல் அடுக்கிய அடையாளம் கண்ணில் படும். அதற்கப்புறம் ரெட்வால் சுண்ணாம்புப் பாறையை வெட்டி இறங்கும் கதீட்ரல் ஸ்டேர்ஸ். முட்டி அழுவது அங்கேதான்.

முட்டிக்கு: ஊன்றுகோல் இரண்டு, இறக்கத்தில் வழக்கத்தைவிட ஐந்து பத்து செ.மீ. நீட்டி வையுங்கள். எட்டி வைக்காமல் குட்டி அடி. ஷூவின் மேல் இரண்டு துளைகளிலும் கயிற்றை வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். குதிகால் பின்னால் நின்றுவிடும், விரல் முன்னால் போய் இடிக்காது. கால் நகத்தைக் கிளம்ப மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், முதல் நாள் ராத்திரி வெட்டினால் ஓரம் குத்தும். தண்ணீர் சேர்த்து மூட்டை 14 கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

மண்பானை:
தண்ணீர்: இறங்க 3 லிட்டர், ஏற 4. சான்டா மரியா ஊற்று மேலிருந்து 4 கி.மீ.யில் இருக்கிறது, ஆனால் சொட்டு சொட்டாகத்தான் வரும், அதை நம்பிக் காலிப் புட்டியோடு போக வேண்டாம். ஹெர்மிட் ஓடை வற்றாது. எங்கே பிடித்தாலும் வடிகட்டணும். மழை பெய்து கலங்கியிருந்தால் மடக்கு வாளியில் ராத்திரி தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடிகட்டுங்கள். கலங்கலை நேராக விட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் குளோரின் டையாக்சைடு மாத்திரையும் கைவசம் இருக்கட்டும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது இன்னும் மோசமாக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வறுத்த கடலை, உப்பு முறுக்கு இவற்றை மணிக்கொரு தரம் வாயில் போடுங்கள்.

முகாமில் திருட்டு எலியும் அண்டங்காக்கையும்தான். காக்கைக்கு ஜிப்பைத் திறக்கத் தெரியும். சாப்பாட்டைக் கம்பி வலைப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். காலிப் பையின் ஜிப்புகளைத் திறந்தே வையுங்கள், மூடினால் எலி துணியைக் கடித்து ஓட்டை போட்டு உள்ளே போகும்.

செம்பாறை:
மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். பிரைட் ஏஞ்சல் பாதை பராமரிப்பு உள்ள பாதை, ஏற சுலபம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வது சுலபமில்லை. டோன்டோவில் வழியில் வரும் மானுமென்ட் ஓடையிலிருந்து, பிரைட் ஏஞ்சல் பாதையில் இருக்கும் ஹவாசுபாய் கார்டன்ஸ் முகாம் வரை மட்டும் சுமார் 17 கி.மீ., நிழலே கிடையாது. நடுவில் ஹார்ன் ஓடை வரும், அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். மேலே பழைய ஆர்ஃபன் யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. கதிரியக்கத்தைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, ஃபில்டரும் பிடிக்காது. இரண்டு இரவும் ஹெர்மிட்டிலேயே என்றால் வந்த வழியே ஏறுங்கள்.

வழிப்போக்கன்:
சரி, வந்த வழியே ஏறுகிறோம். நடுநாள் ஆற்றுப் பக்கம் போய்க் குளிக்கலாமா?

மண்பானை:
ஓடையோடு 2.4 கி.மீ. இறங்கினால் ஹெர்மிட் ரேப்பிட்ஸ், ஆறு சீறிப் பாயும் இடம். கரையில் உட்காருங்கள், கொலராடோ ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே உள்ள அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர், ஜில்லென்று இருக்கும். இழுப்பு வேறு. குளியல் ஓடையில் போதும். வானிலையில் மழை என்றால் ஓடை போகும் அந்தக் குறுகலுக்குள் போகவே வேண்டாம், மேலே எங்கோ பெய்த மழைக்கும் வெள்ளம் வரும்.