முடி தடிமன் கணக்கு பாதியா வருது, யாராச்சும் சொல்லுங்க

மக்களே, பெங்களூர் அல்சூர்ல இருக்கோம், செகண்ட் பியூ (பிளஸ் டூ) படிக்கிற எங்க பொண்ணு, டிஃப்ராக்‌ஷன் (மெல்லிசான பொருள்ல பட்டு வெளிச்சம் வளைஞ்சு பரவுறது) ப்ராஜெக்ட்டுக்கு எஸ்.பி. ரோட்ல வாங்குன சிவப்பு லேசர் வாயில பாட்டியோட முடி ஒண்ண செலோடேப் போட்டு ஒட்டி 2 மீட்டர் தள்ளி சுவத்துல அடிச்சா, நடுவுல பெரிய வெளிச்சம், ரெண்டு பக்கமும் விட்டு விட்டு புள்ளி, பாக்க அவ்ளோ அழகு. லேசர் அலைநீளம் 650 நானோமீட்டர். நடு வெளிச்சம் அகலம் 3.6 செ.மீ., அத வெச்சு (அலைநீளம் × தூரம் ÷ அகலம்) போட்டா முடி 36 மைக்ரான், பக்கத்து புள்ளி 1.8 தான், அத வெச்சா 72. எது சரி? நடுவுல டபுளாத்தான் இருக்கும்ங்கறா, ஏன்டின்னு கேட்டா முறைக்கிறா. 532 பச்சை லேசர்ல 72 சரின்னா புள்ளி 1.5க்கு சுருங்கணுமாம், பக்கத்துல யார்கிட்டயாச்சும் இருந்தா ரெண்டு நாள் குடுங்க ப்ளீஸ், திங்கக்கிழமை சப்மிஷன்.