அந்த நாள்: பாலசந்தரின்ர படங்களுக்குள்ள முதலாவதோ, இல்லாட்டி பொம்மைதானோ?

கோண்டாவில்வாசி:

வீணை எஸ். பாலசந்தர் இயக்கின படம் ஒண்டு எங்கட வாசிகசாலை மண்டபத்தில போடுறதாத் தீர்மானம். ஒண்டே ஒண்டுதான். பாக்க வாறவையில பாதிக்கு மேல ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளையள். இப்ப கணக்கு இப்பிடி நிக்குது: அந்த நாள் (1954) எண்டு நாலு பேர், பொம்மை (1964) எண்டு மூண்டு பேர், நடு இரவில் (1970) எண்டு ஒராள்.

அந்த நாளுக்குச் சொல்லுற காரணம் எல்லாம் "பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம்", "தமிழ் ரஷோமோன்" எண்ட ரெண்டோட முடியுது. அது சரித்திரப் பெருமை. படமா எடுத்துப் பாத்தால் அவரின்ர படங்களுக்குள்ள இது எத்தினையாவது? காரணத்தோட சொல்லுங்கோ. கதையில ஆளைச் சுட்டது ஆர் எண்டு மட்டும் எழுதாதேங்கோ, பிள்ளையளும் இந்தப் பக்கம் வருவினம்.

இன்னொண்டு. புறொஜெக்ரர் சாதாரணமானது, திரை எட்டடி அகலம். கறுப்பு வெள்ளைப் படம் அதில எடுபடுமோ?

பழைய றீல்:

முதலாவது இடம்தான். ஆனால் ரஷோமோனைச் சாட்டி அந்த இடத்தைக் கொடுப்பது படத்துக்குச் செய்யும் அநியாயம்.

ரஷோமோன் என்ற குரோசாவாவின் ஜப்பானியப் படத்தில் (1950) சம்பவம் ஒன்று. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னது வெட்டுகிறது. கொள்ளைக்காரன் தானே கொன்றதாகச் சொல்வான், செத்தவனின் ஆவி தானே குத்திக்கொண்டதாகச் சொல்லும். அந்த நாளில் இது எதுவும் இல்லை. வானொலி எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரிக்கப்படுகிறவர்கள் சொல்வதெல்லாம் அதற்கு முந்தி, வேறு வேறு சமயங்களில் நடந்த சண்டைகள். ஒரு கதை இன்னொன்றைப் பொய்யாக்குவதில்லை, ராஜனின் இன்னொரு முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறது. உறவு தேடினால் அதே 1950இல் அந்தனி அஸ்குவித் எடுத்த "த வுமன் இன் குவெஸ்சன்" கிட்டவாக நிற்கும். அதிலும் செத்துப்போன பெண்ணை அறிந்தவர்கள் ஒவ்வொருவரின் சொல்லிலும் அவள் வேறு வேறு ஆளாக இருப்பாள்.

இனி, குற்றச்சாட்டு எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுச் சின்னையாபிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவைச் சந்தேகிக்கிறான். ஹேமா, நடனக்காரி அம்புஜத்தை இழுத்து விடுகிறாள். அம்புஜம் திரும்பவும் சின்னையாபிள்ளையிடமே கொண்டுவந்து நிறுத்துகிறாள். வட்டம் மூடிவிட்டது. நாலு பேருக்கும் கொல்லக் காரணம் உண்டு, ஒருவரையும் பிடிக்க முடியாது. பொலிஸ்காரரோடு நாமும் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். ஜாவர் சீதாராமன் எழுதிய திரைக்கதையின் கெட்டித்தனம் இதுதான். சி.ஐ.டி. சிவானந்தமாக நடித்திருப்பவரும் அவரே.

அடுத்தது சிவாஜி. பராசக்தி (1952) வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கதாநாயகனைத் தொடக்கத்திலேயே சுட்டு விழுத்திவிட்டு, சொல்லுகிறவர் மாற மாற அந்தப் பிணத்துக்குப் புதுப்புது உயிர் கொடுக்கிறார்கள். ஒருவர் சொல்லும்போது பங்கு கொடுக்காத அண்ணன், இன்னொருவருக்குக் கடனைத் திருப்பாதவன், மனைவி உஷாவின் நினைவில் நாட்டுப்பற்று மிக்க மாணவன். வேறு எந்தப் பாலசந்தர் படத்திலும் ஒரு நடிகருக்கு இவ்வளவு வேலை இல்லை.

குறையும் உண்டு. விசாரணைப் பேச்சு இடையிடையே நீளுகிறது. கடைசிப் பகுதியில் காகிதத்தில் விரலடையாளம் வாங்கும் தந்திரம் கொஞ்சம் வசதிக்காக வைத்தது மாதிரி இருக்கும். விருதைக் காட்டி வாதாட வேண்டாம்: அந்த வருடத் தேசிய விருதில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் மலைக்கள்ளனுக்குப் போனது, இதற்குத் தகுதிச் சான்றிதழ்தான்.

தட்டாதெருச் சந்தி:

அண்ணை, வட்டத்தை அவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினால் மிச்சம் ஆர் எண்டு பிள்ளையள் கண்டுபிடிக்காதுகளோ? கோண்டாவிலார் கேட்டது ஒண்டு, நீங்கள் செய்தது ஒண்டு.

சரி, விசயத்துக்கு வாறன். அந்த நாள் மர்மப் படம், சஸ்பென்ஸ் படமில்லை. ரெண்டும் ஒண்டெண்டு கனபேர் நினைக்கினம். இங்கிலீஸ் டைரக்டர் ஹிட்ச்கொக், பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவுக்குக் குடுத்த பேட்டியில இதைப் பிரிச்சுச் சொல்லியிருக்கிறார். மேசைக்குக் கீழ குண்டு இருக்கிறது பாக்கிறவைக்குத் தெரியாமல் வெடிச்சால் 15 செக்கன் திடுக்கிடுவினம். குண்டு இருக்கு எண்டதை முதலே காட்டிப்போட்டு மேசையில இருக்கிறவையைச் சும்மா கதைக்க விட்டால் 15 நிமிசம் நெஞ்சிடிச்சுக்கொண்டு இருப்பினம்.

பொம்மை முழுக்க அந்த ரெண்டாவது வகைதான். பங்காளி ஒருத்தரைத் தீர்த்துக்கட்டக் குண்டு வைச்ச பொம்மை, கை தவறி ஊரெல்லாம் சுத்துது. ஆரின்ர கையில இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும், வைச்சிருக்கிறவைக்குத் தெரியாது. ஹிட்ச்கொக் 1936இல எடுத்த சபொட்டாஜ் படத்தில ஒரு பெடியன் தெரியாமல் குண்டைக் காவிக்கொண்டு பஸ்ஸில போவான், அது வெடிச்சிடும். அப்பிடி வெடிக்க விட்டது பிழையெண்டு பேந்து அவரே சொன்னவர். அவருக்கு அது படத்தின்ர ஒரு பகுதி. பாலசந்தர் அந்தக் கயித்தை ஒரு முழுப் படத்துக்கும் இழுத்துக் கட்டினவர். தயாரிப்பு, இயக்கம், இசை எல்லாம் அவரே. அதனால "பாலசந்தரின்ர படம்" எண்டு நெஞ்சில கை வைச்சுச் சொல்லக்கூடியது பொம்மைதான். அந்த நாளில பாதிப் பெருமை தயாரிச்ச ஏ.வி.எம்முக்கும் எழுதின ஜாவருக்கும் எல்லோ போகுது?

பழைய றீல்:

மர்மம், சஸ்பென்ஸ் என்ற பிரிப்பை ஒப்புக்கொள்கிறேன், அந்த அளவுகோலில் பொம்மைக்கு முதலிடம் கொடுக்கலாம். ஆனால் அதே அளவுகோலை வைத்தே அதன் ஓட்டையையும் பாருங்கள். குண்டுக் கதையில் பார்க்கிறவரின் காதுக்குள் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு வரும்போது அந்த மணிக்கூடு நின்றுவிடுகிறது. பாட்டு முடிந்த பிறகு பயத்தைத் திரும்பவும் அடியிலிருந்து மூட்ட வேண்டியிருக்கிறது. "நீயும் பொம்மை நானும் பொம்மை" மட்டும் விதிவிலக்கு. யேசுதாசைத் தமிழுக்குக் கொண்டுவந்த பாட்டு என்பதற்காகச் சொல்லவில்லை, கதையின் கருவையே பாடுவதால் அது இடறுவதில்லை.

இசைக்காரர் ஒருவர் 27 வயதில் பாட்டை முழுக்க வெட்டிவிட்டு ஒரு படம் எடுத்தார், பத்து வருடம் கழித்துத் தானே தயாரித்த படத்தில் பாட்டைச் சேர்த்தார். எது அவருடைய துணிச்சலைக் காட்டுகிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பொம்மையின் முடிவுக்கு மட்டும் முழுப் புள்ளி. நடித்தவர்களையும் தொழில்நுட்பக்காரரையும் பாலசந்தரே திரையில் வந்து அறிமுகப்படுத்துவார். படம் எத்தனை கைகளால் ஆகிறது என்று மாணவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல துண்டு கிடையாது.



நடு இரவிலுக்கு ஆதரவாக இருந்த அந்த ஒருவருக்காக இரண்டு வரி. படத்துக்கு அடிப்படையான அகதா கிறிஸ்டியின் 1939 நாவலில் தீவுக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பழைய குற்றம். பாலசந்தர் அவர்களைச் சொந்தக்காரர் ஆக்கி நடுவில் சொத்தை வைத்தார். அதனால் வேறு விளக்கமே தேவையில்லாமல் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிறார்கள் (பங்குக் காணி வழக்கு நடக்கிற ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை). பண்டரிபாயை அந்த நாளில் உஷாவாகப் பார்த்துவிட்டு இதில் பொன்னியாகப் பார்த்தால் ஆளே வேறு. ஆனாலும் ஆட்கள் கூட, சாவுகளும் கூட, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கனம் குறைவு. மூன்றாமிடம்.

கைதி (1951), அவனா இவன்? (1962) இரண்டும் இந்த மூன்றுக்கும் கீழேதான்.

வெளிச்சக்காரன்:

தரவரிசையை நீங்கள் அடிபட்டு முடியுங்கோ. நான் திரையைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் அந்த நாளைப் பிழையாப் போட்டால் அது அஞ்சாமிடத்துப் படம் மாதிரித்தான் தெரியும். மாருதி ராவின்ர ஒளிப்பதிவு முழுக்க நிழல். முகத்தில ஒரு பக்கம் வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு, பின்னால சுவரில சாயல். மண்டபத்துக்குள்ள வெளிச்சம் நுழைஞ்சால் அந்த இருட்டு எல்லாம் சாம்பலாப் போகும்.

முதல் வேலை, படத்தின்ர அகலம். அந்தக் காலப் படம் ஏறக்குறைய நாலுக்கு மூண்டு அளவு. இப்பத்தைப் புறொஜெக்ரர் பதினாறுக்கு ஒன்பது. எட்டடித் திரையில உயரம் நாலரை அடி வரும், அதுக்குள்ள உண்மையான படம் ஆறடிக்குச் சொச்சம் அகலத்தில நிக்கோணும். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும், விடுங்கோ. "திரை நிறையேல்லை" எண்டு ஆரும் வந்து இழுத்து விட்டால் சிவாஜியின்ர முகம் பூசணிக்காய் மாதிரி அகண்டு போகும். படத்தில மணிக்கூடு, சில்லு மாதிரி வட்டமான சாமான் வாற இடத்தில நிப்பாட்டி அடிமட்டம் வைச்சுப் பாருங்கோ. குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு எண்டால் சரி. வி.எல்.சி.யில ஓட்டினால் ஏ எழுத்தை அமத்த அமத்த அளவு மாறும்.

ரெண்டாவது, புறொஜெக்ரரில தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு இருந்தால் நிப்பாட்டுங்கோ. இருட்டுக் காட்சியில படம் மூச்சு விடுற மாதிரிக் கூடிக் குறையும், பாக்கிறவைக்கு ஏனெண்டு விளங்காமலே கண் உளையும். சினிமா எண்ட நிலையில போட்டு, கறுத்தத் தலைமயிர் பின்னால இருக்கிற இருட்டுச் சுவரில இருந்து பிரிஞ்சு தெரியுற அளவுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினால் காணும்.

சத்தம்தான் கூடக் கவனிக்க வேண்டியது. பாட்டில்லை, எல்லாம் பேச்சு. பேச்சு விளங்காட்டிப் படமே இல்லை. இது ஒற்றைத் தடச் சத்தம், சில பிரதியில ஒரு பக்கத்து ஸ்பீக்கரில மட்டும்தான் வரும். அப்பிடியெண்டால் ஓடியோ பட்டியலுக்குப் போய் மோனோ எண்டு மாத்துங்கோ. கலியாண வீட்டுப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து பின்சுவரோட வைக்காதேங்கோ. சீமெந்துச் சுவரில பட்டு ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தரம் கேக்கும். சின்னப் பெட்டி ரெண்டு, திரைக்கு ரெண்டு பக்கமும், இருக்கிறவையின்ர காது உயரத்தில. பாஸைக் குறையுங்கோ. இரைச்சல் இருந்தால் ட்ரெபிளைக் கொஞ்சமாக் குறைக்கலாம், கனக்கக் குறைச்சால் ச, த எல்லாம் மழுங்கிப் போகும்.

நேரம்: படம் 130 நிமிசம். இருட்டின பிறகு தொடங்கினால் ஒன்பதே கால் ஆகும், தூர இருந்து வாற பிள்ளையளுக்குப் பஸ் இராது. யன்னலை மறைச்சு அஞ்சு மணிக்குத் தொடங்கிறதுதான் வழி. இடைவேளையைப் பிரதி நிக்கிற இடத்தில விடாமல், பழைய றீல் சொன்ன வட்டம் மூடுற இடத்தில, அம்புஜம் சொல்லி முடிஞ்ச உடனை விடுங்கோ. அந்தப் பத்து நிமிசமும் தேத்தண்ணிக்குள்ள சண்டைதான் நடக்கும். முதலே ஒருக்கா ஓட்டி அந்த நிமிசத்தைக் குறிச்சு வையுங்கோ.

பழைய றீல்:

இடைவேளை யோசனை அருமை. அறிமுகப் பேச்சுக்கும் ஒரு எச்சரிக்கை: இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது காலமும் இடமும் மட்டும். 1943 ஒக்ரோபரில் ஜப்பான்காரர் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் கதை நடக்கிறது. இங்கே 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்ததைச் சொன்னால் அந்தப் பதற்றம் உடனே விளங்கும். ராஜனின் வேலையைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பாரதி கவிதை ஒன்று படத்தில் வரும், அதைப் பற்றியும் மூச்சு விடாதீர்கள்.

தட்டாதெருச் சந்தி:

இந்தா, பாரதியையும் சொல்லிப்போட்டார்! அண்ணைக்கு வாய் நிக்காது.

என்ர வரிசை மாறேல்லை: பொம்மை, அந்த நாள், நடு இரவில். ஆனா இந்தக் கூட்டத்துக்கு, இந்த மண்டபத்தில, ஒரு படம்தான் எண்டால் அந்த நாளைப் போடுங்கோ. இடைவேளையில சண்டை பிடிக்கக்கூடியது அதுதான். பொம்மையில ஆர் செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பேசாமல் வந்து இருப்பினம்.

கோண்டாவில்வாசி:

சரி, அந்த நாள், பின்னேரம் அஞ்சு மணி. பொம்மையின்ர கடைசி அறிமுகத் துண்டை மட்டும் படம் முடிஞ்ச பிறகு தனியாப் போடலாமோ எண்டு யோசிக்கிறம்.

ஆறு யன்னல், ஒவ்வொண்டும் நாலடி உயரம், மூண்டரை அடி அகலம். கறுப்புத் துணி எவ்வளவு வேணும்?

வெளிச்சக்காரன்:

யன்னல் அளவுக்கு வெட்டாதேங்கோ, ஓரத்தால வெளிச்சம் கோடு விழும். நாலு பக்கமும் அரை அடி விட்டால் ஒண்டுக்கு அஞ்சுக்கு நாலரை அடி. நாலரை அடி அகலத் துணியெண்டால் பத்து யார் சரியா வரும். கதவுக்கும் வேணும், பன்னிரண்டா வாங்குங்கோ. மெல்லிய துணியெண்டால் ரெண்டு மடிப்பு, அப்ப இருபத்திநாலு. மேற்குப் பக்கத்து யன்னலை முதல் மூடுங்கோ, அஞ்சு மணி வெயில் அதாலதான் வரும். பொம்மைத் துண்டைப் போடாதேங்கோ, அந்தப் படத்தின்ர கடைசியை இப்பவே காட்டிப்போட்டு அடுத்த முறை எதைப் போடுறது?