கார்க் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் படியும் உப்புக் கறை: நம் பகுதி அனுபவங்கள்

வள்ளியூரிலிருந்து:

போர் தண்ணீரில் கார் கழுவுகிற எல்லோருக்கும் இந்தக் கறை பழக்கமானதுதான். கழுவும்போது பளிச்சென்று இருக்கும் கண்ணாடி, காய்ந்த பிறகு பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் சற்றுத் தடித்த ஒரு வளையம் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டது போலத் தெரிந்து, ஈரம் உலர்ந்ததும் அதே இடத்தில் திரும்பத் தெரியும். பகலில் இதனால் அழகு மட்டும் கெடுகிறது. இரவில் ராதாபுரம் சாலை போன்ற குறுகிய சாலைகளில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அந்தப் புள்ளிகளில் பட்டுச் சிதறும்போது, ஓரமாக நடந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு முன்கண்ணாடி மங்கிவிடுகிறது. ஆகவே இதை அலங்கார விஷயம் என்று நான் ஒதுக்குவதில்லை.

நம் நெல்லை மாவட்டத்திலேயே இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது. பொதிகையில் பிறந்து பாபநாசம் வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீரில் உப்புக் குறைவு. அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் கழுவப்படும் வண்டிகளில் இந்தக் கறையை நான் அதிகம் பார்த்ததில்லை. தெற்கே நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் வந்துவிட்டால், பல இடங்களில் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே கடினம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கரைந்து வருவதே அதற்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600 அளவுள்ள தண்ணீர் அரை லிட்டர் வண்டியின்மேல் துடைக்கப்படாமல் காய்ந்தால், ஏறத்தாழ 300 மில்லிகிராம் சுண்ணாம்பு உப்பு அங்கேயே தங்கும் என்பது எளிய கணக்கு. வாளியில் போடும் ஹீட்டர் கம்பியின்மேல் வெள்ளையாகக் கட்டிக்கொள்கிறதே, அதே பொருள்தான் சூடான பானெட்டின்மேலும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட், சூட்டில் கரையாத கார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றோ, நாம் துணியை எடுப்பதற்குள் ஒரு பக்கத்தைக் காய வைத்துவிடுகிறது.

கண்ணாடிக் கறைக்கு எனக்குப் பலன் தந்தது கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர்தான். அதற்குமுன் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்: தூசியைத் தண்ணீர் பீய்ச்சி முழுவதுமாக இறக்கிவிட வேண்டும். நம் தேரிக்காட்டுச் செம்மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. கண்ணாடி ஏறத்தாழ 5.5, கறையாகப் படியும் கால்சைட் வெறும் 3. கறை கண்ணாடியைக் கீறாது; கறையைத் தேய்க்கும் துணிக்கடியில் சிக்கிய தேரி மணல் நிச்சயம் கீறும். மணல் இறங்கிய பிறகு, வினிகரும், ஆர்.ஓ. இயந்திரம் உப்பைப் பிரித்துத் தரும் குடிநீரும் சம அளவு கலந்து, பருத்தித் துணியை அதில் நனைத்து, நிழலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடிமேல் ஒட்டினாற்போல் விரித்து, சில நிமிடங்கள் அப்படியே விட வேண்டும். துணியின் ஒரு முனையைத் தூக்கி உற்றுப் பார்த்தால், வளையத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் நுரைக்குமிழிகள் எழுவது தெரியும். புள்ளியின் நடுப்பகுதி முதலில் கரைந்து, தடித்த ஓரம் கடைசியாகத்தான் போகும். துணி காயவே கூடாது. பிறகு கார் ஷாம்பு போட்டுக் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்கிறது. பித்தளை விளக்குக்குப் போடுகிற புளியையே இதற்கும் போடலாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் புளிச் சக்கை கண்ணாடி ஓர ரப்பருக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன தண்ணீர் கணக்கோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் குடியிருப்பில் பலரும் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வாளியில் பிடித்து, அதைக் கொண்டே காரைக் கழுவிவந்தார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் ஆர்.ஓ. சவ்வு உப்பைப் பிரித்துத் தள்ளுவது அந்தத் தண்ணீரில்தான். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு லிட்டர் வெளியேறுகிறது என்றால், வெளியேறும் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். பக்கத்து வீட்டு அத்தானின் கறுப்புக் காரில் தினமும் துடைத்தும் கறை ஏறிக்கொண்டே போனதற்கு இதுவே காரணமாக இருந்தது. அந்தத் தண்ணீரை வாசல் கழுவவும் கழிவறைக்கும் திருப்பிவிட்ட பிறகு புதிய கறை விழுவது வெகுவாகக் குறைந்தது.

டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். அது கரைந்துள்ள உப்பு மொத்தத்தையும் காட்டுகிறது. சமையல் உப்பு போன்ற சோடியம் உப்பும் அதில் அடக்கம். சோடியம் உப்பின் கறை ஈரத்துணியிலேயே போய்விடும். சுண்ணாம்புக் கறைதான் போகாது.

கடைசியாக வண்டியின்மேல் எந்தத் தண்ணீர் படுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கழுவுவதைப் போர் தண்ணீரில் செய்தாலும், முடிவில் ஓரிரு வாளி உப்பில்லாத தண்ணீரை மேலிருந்து ஊற்றித் துடைத்தால் போதும். அதற்கு நான் பயன்படுத்துவது வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து உருவாவதால் அதில் உப்பு இருப்பதில்லை. குழாயில் இருக்கும் தூசிக்காக மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். கோடையில் இரவில் ஒரு வாளி நிரம்பிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத்தண்ணீர் இருக்கிறது. முதல் மழையின் அழுக்கு ஓடியபின் பிடிக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே காரை நிறுத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும். மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிகிற வீடுகளில், பின்கண்ணாடியில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு கோடாக விழுந்திருக்கும். கோடு விழுந்த இடத்தில் வழிவது நிற்கும்வரை எதைத் தேய்த்தும் பயனில்லை.

திசையன்விளையிலிருந்து, கார் பாலிஷ் வேலை செய்பவர்:

கண்ணாடியைப் பற்றி மேலே எழுதியவற்றை ஒப்புக்கொள்கிறேன். பெயின்ட்டுக்கு அந்தத் துணிச்சல் ஆகாது. பெரும்பாலான கார்களில் வண்ணத்தின்மேல் இருக்கும் கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. வினிகரை இன்னும் நீர்க்கச் செய்து, ஒரு சமயத்தில் ஒரு கதவு அளவுக்கு மட்டும், உலோகம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போட்டு, ஒரு நிமிடம் அளவில் கழுவிவிடுங்கள். அதற்குப் பின்னும் வளையம் தெரிந்தால் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேடாகத் தட்டினால் இன்னும் உப்பு மிச்சம் இருக்கிறது, மறுபடி போடலாம். வழவழப்பாக இருந்தும் வளையம் தெரிந்தால், அல்லது குழிவாக உணர்ந்தால், உப்பு போய்விட்டது, அது வெயிலில் பெயின்ட்டை அரித்த தழும்புதான் மிஞ்சியிருக்கிறது. எந்த அமிலமும் அதை மாற்றாது. பாலிஷ் போட்டுச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை அந்த ஆழத்துக்கு இறக்குவது ஒன்றே வழி, அதையும் அடிக்கடி செய்ய முடியாது. வெள்ளைக் காரில் இது கண்ணில் படாது. கறுப்பு, கருநீல வண்டிகளைச் சித்திரை வெயிலில் கழுவியபடியே காயவிடுவதுதான் என்னிடம் வரும் வேலைகளில் பாதிக்குக் காரணம்.

என் சித்தப்பாவின் வண்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெளியூரில் ஒரு வாட்டர் சர்வீஸில் கறையை உடனே எடுத்துத் தருவதாகச் சொல்லி ஏதோ ஆசிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள். கறை போனது. கதவோரக் குரோமியப் பட்டை மங்கி, கண்ணாடியின் கீழ்ப்பக்கம் பால் நிறத்தில் நிலையாகத் தங்கிவிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் உலோகத்தைத் தின்னும். புளோரைடு கலந்த கறைநீக்கிகள் கண்ணாடியையே அரிப்பதோடு, தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்தாகும். பெயர் எழுதாத பாட்டிலிலிருந்து எதையும் உங்கள் வண்டியில் ஊற்ற விடாதீர்கள்.

வினிகருக்கு அசையாத கண்ணாடிக் கறையும் உண்டு. நிலத்தடி நீரில் உள்ள சிலிக்கா நாள்பட்டு ஒட்டிக்கொண்டால் எளிய அமிலங்களில் கரையாது. அதற்குச் சீரியம் ஆக்ஸைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சுத் தட்டில் மெதுவாகச் சுற்ற வேண்டும். கண்ணாடி சூடேறாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்ய வேண்டும். முன்கண்ணாடியில் ஒரே இடத்தில் அழுத்தினால் பார்வை அலையலையாகிவிடும் என்பதால், பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. செராமிக் கோட்டிங் போட்டால் கறையே வராது என்று நம்பி வருகிறவர்களிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், துடைக்காவிட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு புள்ளியாகக் காயும். துடைப்பது எளிதாகும், துடைக்கும் வேலை குறையாது.

மீண்டும் வள்ளியூரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. ஏ.சி. தண்ணீர் யோசனையை வைப்பர் தண்ணீர்த் தொட்டிக்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. அதில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிற வண்டிகளில், பீய்ச்சும் துளை சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்கிறது. வெயிலில் கண்ணாடியைத் துடைக்கப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய கறை சேர்கிறது. துளையை மெல்லிய ஊசியால் குத்தி எடுத்து, தொட்டியைக் காலி செய்து, துணியில் வடிகட்டிய ஏ.சி. தண்ணீரை நிரப்ப வேண்டும். வைப்பர் ரப்பரின் விளிம்பையும் அதே கையோடு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தேரி மணல் தங்குகிற இடம் அதுதான்.