நஞ்சுக்கொடியும் புற்றுநோய்ப் பரவலும்: ஒரே வேரா, வெறும் ஒப்புமையா?

இளவேனில்:
நஞ்சுக்கொடி கருப்பையில் வேரூன்றும் விதமும் புற்றுநோய் உடலெங்கும் பரவும் விதமும் ஒரே பொறிமுறையின் இரு முகங்கள் என்பது என் வாதம். கருக்காலத்தின் முதல் மாதங்களில் ட்ரோபோபிளாஸ்ட் செல்கள், அதாவது நஞ்சுக்கொடியை உருவாக்கும் கருவின் வெளிப்புறச் செல்கள், கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும்போது தம் ஒட்டுமூலக்கூறுகளையே மாற்றிக்கொள்கின்றன. அடித்தளச் சவ்வோடு செல்லைப் பிணைத்து வைத்திருக்கும் ஆல்ஃபா-6 பீட்டா-4 இன்டெக்ரின் குறைகிறது, ஆல்ஃபா-5 பீட்டா-1, ஆல்ஃபா-1 பீட்டா-1 ஆகிய வேறு இன்டெக்ரின்கள் கூடுகின்றன, அண்டைச் செல்களை இறுகக் கோத்திருக்கும் ஈ-கேட்ஹெரினும் தளர்கிறது. தாயின் சுருள் தமனிகளை எட்டியதும், இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களுக்கு உரிய விஈ-கேட்ஹெரினை வெளிப்படுத்தி, அவற்றின் இடத்திலேயே அமர்ந்துவிடுகின்றன. தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்றான மெலனோமா தீவிரமாகும்போது அதன் செல்களும் அதே விஈ-கேட்ஹெரினைக் கொண்டு இரத்தக்குழாய் போன்ற தடங்களை அமைக்கின்றன. இத்தனையும் தற்செயலாக ஒத்துப்போகும் என்று நான் நம்பவில்லை.

மருதன்:
ஒற்றுமையை நான் மறுக்கவில்லை, அதைக் காரணம் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். நீங்கள் சொல்லும் மூலக்கூறுகள் நஞ்சுக்கொடியின் தனிச்சொத்து அல்ல. காயம் ஆறும்போது தோல் செல்களும், கரு உருப்பெறும்போது உடலின் பல பகுதிகளுக்கு இடம்பெயரும் நரம்பு முகட்டுச் செல்களும் இவற்றைக் கையாள்கின்றன. கரு கருப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ள உதவுகிறது என 2003இல் காட்டப்பட்ட எல்-செலக்டின் என்ற ஒட்டுமூலக்கூறு, அதற்கு வெகு முன்பே வெள்ளணுக்களில் அறியப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. ஈ-கேட்ஹெரின் குறைந்தால் புற்று பரவும் என்பதே உங்கள் ஒப்புமையின் அச்சாணி. ஆனால் 2019இல் மார்பகப் புற்றுநோயின் எலி மாதிரிகளில் அதை நீக்கிப் பார்த்தபோது, செல்கள் சுற்றுத் திசுவுக்குள் கூடுதலாக ஊடுருவினாலும், தொலைவிலுள்ள உறுப்புகளில் குடியேறுவது வெகுவாகக் குறைந்தது, ஏனெனில் பயணத்தில் உயிர்பிழைக்கவே அவற்றுக்கு அந்த மூலக்கூறு தேவைப்பட்டது. இன்டெக்ரின்களைத் தடுத்தால் போதும் என்ற நம்பிக்கையில் உருவான சிலெங்கிடைட் மருந்து, மூளைக் கட்டியான கிளியோபிளாஸ்டோமாவில் நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை என்பது 2014இல் வெளியான பெரிய சோதனையில் தெரிந்தது. நோயாளிகள் பல ஆண்டுகள் காத்திருந்து கண்ட முடிவு அது. ஒப்புமையின் கவர்ச்சியில் மருந்து தேடுவதன் விலையை அங்கே பார்க்கிறோம்.

இளவேனில்:
ஈ-கேட்ஹெரின் குறித்த திருத்தத்தை ஏற்கிறேன், நான் அதை மிக எளிதாக்கிவிட்டேன். ஆயினும் கோரியோகார்சினோமாவை எண்ணிப் பாருங்கள். ட்ரோபோபிளாஸ்ட்டே புற்றாக மாறும்போது இரத்தவழியே நுரையீரலை அடையும் வேகம், அந்தச் செல்லுக்கு முன்பே இருந்த ஆற்றலைக் காட்டவில்லையா?

மருதன்:
அந்த நோய்க்கு 1956இல் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்து மருத்துவ ஆய்வாளர்கள் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் வெற்றி கண்டார்கள். அந்த மருந்து செல் பெருகுவதைத் தடுக்கிறது, ஒட்டும் தன்மையை நேரடியாகத் தொடுவதில்லை. தாயின் இரத்தத்திலேயே குளித்துக் கிடக்கும் செல் புற்றானால் அது இரத்தவழியே பரவுவதில் வியப்பென்ன?

கயல்விழி:
மகப்பேறு மருத்துவப் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இருவருமே ஊடுருவும் செல்லை மட்டும் பார்க்கிறீர்கள், அது எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைப் பார்க்கவில்லை. இயல்பான கர்ப்பத்தில் ட்ரோபோபிளாஸ்ட் கருப்பைத் தசையின் உட்புற மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. அதே செல்கள் கருக்குழாயில் பதிந்தால் குழாயையே பிளந்துவிடுகின்றன. சிசேரியன் தழும்பின் மேல் பதிந்தால், பிரசவத்தின்போது பிரிக்க முடியாத அளவுக்கு நஞ்சுக்கொடி தசையோடு ஒட்டிக்கொள்கிறது, தாயைக் காப்பாற்றக் கருப்பையையே அகற்ற நேர்கிறது. இரு இடங்களிலும் குறைவது கருப்பையின் உட்படலம்தான். தடை பெருமளவு தாயின் திசுவில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வகமும் காட்டிவிட முடியாது.

இளவேனில்:
என் வாதத்தின் வலுவான பகுதி இங்கேதான் இருக்கிறது. பசுவிலும் குதிரையிலும் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை மனிதரில் போல ஆழத் துளைப்பதில்லை. லெவ்செங்கோ, வாக்னர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 2019இல் பசுவின் தோல் இணைப்புத் திசுச் செல்களையும் மனிதருடையவற்றையும் ஒப்பிட்டு, பசுவின் செல்களே மெலனோமாவின் ஊடுருவலைக் கூடுதலாக எதிர்க்கின்றன என்று காட்டினார்கள். மனிதச் செல்களின் சில மரபணுக்களைப் பசுவின் போக்குக்கு மாற்றியபோது அவற்றின் எதிர்ப்பும் உயர்ந்தது. கருப்பையில் உருவான இசைவோ எதிர்ப்போ தோல் வரை நீண்டிருக்கிறது.

மருதன்:
கயல்விழி அவர்கள் சொன்னது என் நிலைப்பாட்டை உண்மையாகவே அசைக்கிறது. ஒட்டுதல் என்பது இரு தரப்பும் சேர்ந்து செய்வது என்றால், சிலெங்கிடைட்டின் தோல்வியை வைத்து முழுக் கருத்தையும் நிராகரித்தது என் தவறு, ஏனெனில் இடம்கொடுக்கும் திசுவின் எதிர்ப்பை உயர்த்துவது அந்த மருந்தின் நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் குதிரை உங்களுக்கு அத்தனை வசதியான சாட்சி அல்ல, இளவேனில். வயதான சாம்பல் நிறக் குதிரைகளில் மெலனோமா மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது, அவற்றுள் சில உள்ளுறுப்புகளுக்கும் பரவுகின்றன. பசுவின் செல்களில் வளர்ப்புத் தட்டில் கண்ட எதிர்ப்பு, உயிருள்ள விலங்கின் உடலில் கட்டியைக் கட்டிப்போடுகிறது என்று காட்டப்பட்டால், காரணம் என்ற உங்கள் சொல்லை நானும் ஏற்பேன்.