கீழத்தெருக் கிணறுகளும் "குடிக்கத் தகுந்தது" என்ற பதிலும்

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆலைக் கழிவு கலந்திருக்குமோ என்று நாம் சந்தேகிக்கும் கீழத்தெருக் கிணறுகள் குறித்த மனுவுக்கு அதிகாரிகளிடமிருந்து வந்த பதிலைத் தலைவர் அண்ணாச்சி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். "நீர் குடிக்கத் தகுந்தது" என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே "தெருவுக்கு லாரி மூலம் குடிநீர் வழங்கப்படுகிறது" என்றும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தால் லாரி எதற்கு என்று மும்பையிலிருந்து மதினி கேட்ட கேள்விக்கு அந்தத் தாளில் விடை இல்லை. இந்த நிலையில் சங்கப் பணத்தில் உடனே ஆர்.ஓ. நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. முதல் செலவு முறையான நீர்ப் பரிசோதனைக்கும் வழக்கறிஞருக்கும் ஆக வேண்டும் என்பது என் கருத்து.

பதிலுடன் இணைத்துள்ள ஆய்வறிக்கையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கரைந்த உப்புகள், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளூரைடு, இரும்பு, கிருமிகள் என்று வழக்கமான குடிநீர்ச் சோதனையில் பார்ப்பவற்றை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். ஈயமோ குரோமியமோ காட்மியமோ ஆலைகளில் புழங்கும் கரைப்பான்களோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. மோட்டார் போட்டதும் மண்ணெண்ணெய் வாடை வருகிறது, வாளியில் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் நிற்கிறது, சோறு மஞ்சளாக வடிகிறது என்று மனுவில் எழுதிக் கொடுத்த பிறகும் உப்பையும் கிருமியையும் மட்டும் தேடியிருக்கிறார்கள். தேடாத பொருள் அறிக்கையில் எப்படி வரும்?

அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் "மாதிரி மனுதாரரால் கொண்டுவரப்பட்டது" என்று அச்சாகியிருக்கிறது. நம் பையன்கள் நல்லெண்ணத்தோடுதான் குளிர்பானப் பாட்டிலில் பிடித்துப் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் உலோகங்களைச் சோதிக்க வேண்டிய நீரில் எடுத்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகவே காட்டும். எளிதில் ஆவியாகும் கரைப்பான்களுக்கோ காற்றிடம் இல்லாமல் நிரப்பிய கண்ணாடிக் குப்பி வேண்டும், அதுவும் குளிரில் வைக்கப்பட வேண்டும். மேலும் இந்த நீர் மாதிரியை எடுத்தது கார்த்திகை மழையில் கிணறு ஏறியிருந்த நேரம். சித்திரையில் நீர் இறங்கிய பிறகு அதே கிணறுகளில் மறுபடியும் எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேலும் 2000-க்குக் கீழும் இருப்பதால் "வரம்புக்குள்" என்று எழுதியிருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012) அந்த 2000 என்ற தளர்வை வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு மட்டுமே தருகிறது. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊருக்கு அந்தத் தளர்வு எப்படிப் பொருந்தும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். லிட்டருக்கு ஈயம் 0.01, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம் என்ற வரம்புகளில் எந்தத் தளர்வும் கிடையாது.

ஆலை ஊருக்கு வடமேற்கே இருக்க, கீழத்தெரு மட்டும் பாதிக்கப்படுவானேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆலையைத் தொட்டு வரும் ஓடை ஊரைச் சுற்றிக்கொண்டு கீழத்தெருப் புறவாசலை ஒட்டித்தான் போகிறது. ஆனால் இதை நாம் சொன்னால் ஊகம்தான், அதிகாரிகள் ஆலையின் கழிவுநீரை எடுத்துச் சோதித்தால் சான்று. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அந்த மாதிரியை எடுக்கும் முறையைச் சொல்கிறது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, ஆலைத் தரப்பின் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் வாங்க வேண்டும். அப்படி எடுக்காத மாதிரி நீதிமன்றத்தில் நிற்காது. 33ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, அதிகாரம் இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. ஆலைக்கு வாரியம் தந்த இசைவாணையின் (இயங்கவும் கழிவுநீர் விடவும் தரும் அனுமதியின்) நிபந்தனைகளையும் கழிவுநீர் ஆய்வு முடிவுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்துக் கிணறுகள், சாயத் தயாரிப்புக்கான எச்-அமிலம் என்ற வேதிப்பொருளின் கழிவால் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஆலைத் தரப்பு மனுமேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்ததில், 37 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைக் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லும் உத்தரவு 2011-இல்தான் வந்தது. நம் வழக்கும் அப்படி இழுத்தால் பேரப்பிள்ளைகள்தான் பணம் வாங்குவார்கள் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கோர, பாதிப்பு முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுக் கெடு உண்டு. மற்றச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு 6 மாதம்தான்.

லாரித் தண்ணீரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் இருப்பவர்களுக்கு அது இன்றைய தேவை. ஆனால் "குறை தீர்க்கப்பட்டது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதிருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பெரியவர்களிடம், கொதித்தால் கிருமிதான் சாகும், உலோகம் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடவே செய்யும் என்பதைத் தொலைபேசியிலாவது சொல்லுங்கள். ஆர்.ஓ. பின்னால் வரட்டும். அப்போதும் அது வெளியேற்றும் நீரில் அந்த மாசு அத்தனையும் செறிந்திருக்கும், அதை எங்கே விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். மறுபடியும் ஓடையில் விட்டால் என்ன பயன்?

கீழத்தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவும் இந்தக் குழுவில் இருப்பவர்களுடையவை. சொத்தின் உரிமையாளரோ அவர் அதிகாரமளித்த முகவரோ தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம் என்பதால், அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் கிணற்றில் மாதிரி எடுக்கச் சம்மதக் கடிதமும் பட்டா நகலும் தலைவர் அண்ணாச்சிக்கு அனுப்பிவையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.